கறள் காட்டிய இடம்: ஓர் எல்லைக் கல்லை அதன் பாலத்தோடு சேர்த்த வேலை

எங்கள் சனசமூக நிலையத்து வளவில் இப்போது நிற்கும் எல்லைக் கல்லின் பின்பக்கத்தில் இரண்டு கறள் கறைகள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களில் பலர், "முன்பக்கத்தை இவ்வளவு வடிவாகத் துப்புரவாக்கிவிட்டு இதை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கறைகளைத் தேய்த்து எடுத்திருந்தால் இந்தக் கல் எந்தப் பாலத்துக்கு உரியது, எந்த மூலையில் நின்றது, எந்தப் பக்கம் பார்த்தது என்று எதுவுமே தெரிந்திருக்காது. கல்லையும் பாலத்தையும் சேர்த்து வைத்தது அந்தக் கறள்தான். பழைய கல் வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பாலம். கொழும்பில் தெமட்டகொடைப் பக்கத்தில் ஒரு கால்வாய்க் கிளையின் மேல் இருந்த ஒடுக்கமான இரும்பு நடைபாலம் அது. நீளம் 22 அடி, அகலம் 4 அடி. இரண்டு பக்கமும் பட்டை இரும்பைக் குறுக்கும் மறுக்குமாக வைத்து ரிவெட் அடித்த கைப்பிடிச் சட்டம். கரையை அகலமாக்கும் வேலை வந்தபோது அது பழைய இரும்புக்குப் போக இருந்தது. நிலையத்தார் கேட்டு வாங்கி, எங்கள் வளவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் நடுவே ஓடும் மழைநீர் வடிகாலின் மேல் வைத்தார்கள். நான் படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். கழற்றும்போது ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போட்டுப் படம் வரைந்து வைத்தேன். பாலம் இடம் மாறும்போது இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. எந்தத் தூண் எந்தக் கரையில் நின்றது என்பது கழற்றிய பிறகு யாருடைய ஞாபகத்திலும் இருக்காது.

இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தபோதே அது பழைய தேனிரும்பு (ஆங்கிலத்தில் ரோட் அயன்) என்று தெரிந்தது. கறள் ஏறி உரிந்த இடங்களில் உலோகம் பட்டுப்போன மரக்கட்டை மாதிரி நீளவாக்கில் நார் நாராகப் பிரிந்திருந்தது. தேனிரும்புக்குள் கசடு இழை இழையாக ஓடுவதால்தான் இப்படி ஆகிறது. உருக்கு இந்த மாதிரிப் பிரியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மென்னுருக்கு மலிவாகி வந்து தேனிரும்பின் இடத்தைப் பிடித்தது. ஆகவே பாலத்துக்கு நல்ல வயது இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். செய்த கம்பனியின் தகடு எங்கும் இல்லை.

என் படத்தில் ஓர் இடத்தில் "பயன் தெரியாத காதுகள்" என்று குறித்திருந்தேன். நான்கு மூலைத் தூண்களில் ஒன்றில் மட்டும், வெளிப்பக்கமாக இரண்டு சிறிய இரும்புக் காதுகள், ஒன்றுக்கு மேல் ஒன்று. மேல் காது பாதி உடைந்திருந்தது. கீழ்க் காதில் எட்டில் ஐந்து (5/8) அங்குலத் துளை. விளக்குக் கம்பம் ஏதாவது பூட்டியிருப்பார்கள் என்று அப்போது பேசிக்கொண்டோம்.

கல் கிடைத்தது அதே பக்கத்தில், கால்வாயிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருந்த ஒரு வரிசை வீட்டில். வாசல் படியாகக் கிடந்தது. நிலையத்து வாசிகசாலைக்கு வரும் பையன் ஒருவன்தான், "மாமா, அந்த வீட்டுப் படியில எழுத்து வெட்டின மாதிரி இருக்கு" என்று வந்து சொன்னான். போய்ப் பார்த்தால், சிவப்பு எனாமல் உரிந்த ஓரத்தில் ஒரு எழுத்தின் வளைவு நன்றாகவே தெரிந்தது. கல்லைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, எழுத்துள்ள முகம் முற்றத்தைப் பார்க்க, பின்பக்கம் சுவரோடு ஒட்ட, சீமெந்து போட்டு இறுக்கியிருந்தார்கள். மிதிக்கும் பக்கத்தில் ஆண்டுக்கணக்காகப் பூசிய சிவப்புத் தரைப் பொலிஷ் தடித்துப்போய்க் கிடந்தது.

அந்த வீட்டு அம்மா தயங்கவே இல்லை. "கல்லைக் கொண்டு போங்க தம்பி. ஆனா மழைக்கு முந்தி எனக்குப் படி கட்டித் தந்திடணும்" என்றார். அப்படியே செய்தோம். மேசன் பாஸ் பழைய படியின் உயரத்திலேயே புதிய படியை வார்த்து, மேலே சிவப்பும் பூசிக் கொடுத்தார். கல்லைப் பெயர்த்த அன்றே படிக்குச் சட்டம் அடித்தாகிவிட்டது. பழைய பொருள் ஒன்றை ஒரு வீட்டிலிருந்து எடுக்கிறோம் என்றால் அந்த வீட்டில் அது செய்துவந்த வேலைக்கு மாற்று வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கவனிப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்பதற்கு வைத்திருக்கும் கோடு 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். கொழும்பு மாநகர சபை அமைந்தது 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி. கல்லில் அந்தச் சபையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான சி.எம்.சி. என்று வெட்டியிருப்பதால் அது 1865க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஆகவே அந்தக் கோட்டுக்குள் வராது. அதற்காக யாரும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. பொது அதிகாரம் நாட்டிய எல்லைக் கல்லை அசைப்பது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். எங்கள் கல் எப்போதோ பெயர்ந்து ஒரு வாசலில் கிடந்தது, எந்த எல்லையையும் காட்டவில்லை. என்றாலும் படங்களோடு கடிதம் எழுதி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான் அலவாங்கைக் கையில் எடுத்தோம்.

கல் மொத்தம் 3 அடி 6 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 10 அங்குலத் தடிப்பு. நம் ஊர்க் கருங்கல் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 2,700 கிலோ நிறுக்கும் என்று கணக்குப் போட்டால் 220 கிலோவுக்குச் சற்றுக் கூட வரும். இந்தக் கணக்கைத் தூக்கும் முன்பே போட வேண்டும். கயிறும் செயின் புளொக்கும் அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சுற்றியிருந்த சீமெந்தை மின் உடைப்பான் வைத்து உடைக்காமல் சிறிய உளியால் கொத்தி எடுத்தோம். அதிர்ச்சி கல்லின் விளிம்புக்கு ஆகாது. பழைய டயரின் மேல் இறக்கி, குழாய்களின் மேல் உருட்டி லொறிக்குக் கொண்டுபோனோம்.

இனிச் சுத்தம் செய்த கதை. பழைய சோனகத் தெருவில் கடையில் நின்று விஷயத்தைச் சொன்னால் முதலில் எடுத்து நீட்டுவது அசிட் போத்தலைத்தான். கருங்கல்லுக்கு அசிட் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. உண்மை வேறு. நம் கருங்கல்லில் மின்னுகிற கறுப்பு மைக்காத் துணுக்குகளில் இரும்பு இருக்கிறது. ஐதரோகுளோரிக் அமிலம் பட்டால் அந்த இரும்பு கசிந்து, சில மாதங்களில் கல் முழுக்க மஞ்சள் படரும். அமிலம் விட்டுப்போகும் உப்பு உள்ளே தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கம்பித் தூரிகையும் ஆகாது. முறிந்த கம்பித் துணுக்குகள் கல்லின் துளைகளில் மாட்டிக் கறள் பிடிக்கும். கொழும்புக் கடற்காற்றுக்கு அதிக நாள் தேவையில்லை.

நாங்கள் பாவித்தவை எல்லாம் சாதாரணச் சாமான்கள். பொலிஷ் மெழுகை வைட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்தோம். எனாமலுக்கு ஜெல் மாதிரியான பெயின்ட் நீக்கியைப் பூசி, பொலித்தீனால் மூடி, இளகியதும் மூங்கில் சீவலால் சுரண்டினோம். மூங்கில் கல்லைவிட மென்மையானது, எழுத்தின் பள்ளத்துக்குள் நுழையும், முனை மழுங்கினால் சீவிக்கொள்ளலாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் காய்ந்த நிலையில் சுரண்டவோ மணல்தாள் போடவோ கூடாது. கழிவைச் சேர்த்துக் கட்டி வைத்தோம், வடிகாலுக்குள் விடவில்லை. கடைசியில் மென்மையான சவர்க்காரத் தண்ணீரும் நைலோன் தூரிகையும்.

எழுத்தை வாசிக்கப் பகல் வெளிச்சம் உதவாது. இருட்டிய பிறகு, டோர்ச்சைக் கல்லின் முகத்தோடு ஏறக்குறைய ஒட்டிப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் வழுக்கிப் போகும்படி அடிக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் பள்ளம்கூட நிழல் விழுத்தி எழும்பி வரும். அப்படித்தான் சி, எம், சி என்ற ஆங்கில எழுத்துகளும், அவற்றின் கீழே 7 என்ற இலக்கமும் தெரிந்தன. பிறகு மைப்படியும் எடுத்தோம். கல்லை நனைத்து, தடித்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, தாள் அரைவாசி காய்ந்ததும் மைப் பொட்டலத்தால் ஒற்ற வேண்டும். மெல்லிய தாள் எடுத்தால் மை ஊறிக் கல்லில் இறங்கிவிடும், தடித்ததாகவே எடுங்கள்.

முன்பக்கம் முடிந்து கல்லைத் திருப்பியபோதுதான் கறைகள் கண்ணில் பட்டன. சீமெந்துக்குள் மூடிக் கிடந்ததால் புதிதாகவே இருந்தன. பிறைபோல் வளைந்த இரண்டு கறைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல அகலம். நடுவே ஒவ்வொரு துளை. மேல் துளைக்குள் ஈயம் ஊற்றி இறுக்கிய இரும்பு முளையின் அடிப்பகுதி இன்னும் இருந்தது. கூட வேலை செய்த பையன்கள் ஒக்ஸாலிக் அமிலம் வாங்கி வந்து கறையை எடுக்கத் தயாரானார்கள். சரி, முதலில் அளந்துவிடுவோம் என்று தடுத்தேன்.

மெற்றிக் நாடாவால் அளந்தால் 356 மில்லிமீற்றர் என்று வந்தது. இந்த மாதிரிப் பழைய வேலைகளை அங்குலத்தில் அளந்தால்தான் செய்தவனின் மனம் தெரியும். அங்குலத்தில் சரியாக 14. அந்த 14 எனக்குப் பழக்கமான இலக்கமாகப் பட்டது. வீட்டுக்குப் போய்ப் பாலத்தின் படத்தை விரித்தேன். பயன் தெரியாத காதுகள் இரண்டுக்கும் இடையில் 14 அங்குலம். மூலைத் தூணின் விட்டம் ஒன்றரை அங்குலம்.

அதோடு நிற்கவில்லை. கல்லின் மேற்பகுதி 26 அங்குலம் நன்றாகக் கொத்தி நேராக்கப்பட்டது. கீழ்ப்பகுதி 16 அங்குலம் கரடுமுரடாக விட்டது. மண்ணுக்குள் போகும் பகுதியை யாரும் மினக்கெட்டு நேராக்குவதில்லை. ஆகவே இரண்டும் சந்திக்கும் கோடுதான் பழைய நிலமட்டம். அந்தக் கோட்டிலிருந்து கறைகளின் நடு 5 அங்குலத்திலும் 19 அங்குலத்திலும் இருந்தது. தூணில் காதுகள் பாலத்தின் தளத்திலிருந்து 4 அங்குலத்திலும் 18 அங்குலத்திலும். தளத்தைவிட ஓர் அங்குலம் தாழ்வாகப் பாதை இருந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு யாரும் ஒக்ஸாலிக் அமிலத்தைப் பற்றிப் பேசவில்லை.

கறை இன்னும் ஒன்றையும் சொன்னது. தூண் கல்லின் முதுகில் உரசியிருக்கிறது. அப்படியென்றால் கல் பாலத்துக்கு முன்னால், கைப்பிடிச் சட்டத்தின் நேர்கோட்டில், பாலத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தபடி நின்றிருக்கிறது. இலக்கமிட்ட படத்தின்படி காதுள்ள தூண் கிழக்குக் கரையில் இருந்தது. மாநகருக்கு வெளியே உள்ள கொலன்னாவைப் பக்கமிருந்து நடந்து வருகிறவர் பாலத்தில் கால் வைக்கும் முன்பே மாநகர எல்லைக்குள் வந்துவிடுகிறார். நடுப்பாலத்தில் எல்லை போகவில்லை; பாலம் முழுவதும் கொழும்பின் பொறுப்பு. பலகை உடைந்தால் யார் மாற்றுவது, பெயின்ட் யார் அடிப்பது என்பதற்கெல்லாம் அந்தக் கல்தான் பதில்.

பாலத்தடியில் எல்லைக் கல் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பணக் கணக்குத்தான் காரணம். இங்கிலாந்தில் 1531ஆம் ஆண்டுப் பாலச் சட்டம், பாலத்தை மட்டுமல்ல, அதன் இரண்டு முனையிலிருந்தும் 300 அடி வரையுள்ள பாதையையும் பராமரிக்கும் கடமையைக் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், மீது வைத்தது. டெவன் பகுதியில் அந்த 300 அடி முடியும் இடத்தைக் காட்ட, கவுண்டியைக் குறிக்கும் ஆங்கில சி எழுத்து வெட்டிய சிறு கற்களை நட்டிருந்தார்கள். சில இன்றும் பாதையோரத்தில் நிற்கின்றன. பாலம் இல்லாமல் அந்தக் கல்லுக்கு வேலை இல்லை. கல் இல்லாமல் பாலத்தின் பொறுப்பு யாருடையது என்று தெரியாது. எங்கள் கல்லும் பாலமும் பிரிந்து கிடந்தது எனக்கு உறுத்தியது இதனால்தான்.

ஆனால் கல்லை எங்கே நடுவது என்ற கேள்வி வந்தபோது நிலையத்தில் கருத்து பிரிந்தது. எல்லாரும் பார்க்கும்படி வீதியோர வாயிலில் நட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். முக்கியமான தடை ஒன்றைப் பொருளாளர் எழுப்பினார்: "இங்கே இரண்டு பக்கமும் கொழும்புதானே அண்ணன்? எல்லை இல்லாத இடத்தில் எல்லைக் கல் நட்டால் அது பொய் இல்லையா?" நியாயமான கேள்வி. எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது லண்டனின் டெம்பிள் பார் வாயில். லண்டன் நகர எல்லையில், பாதைக்குக் குறுக்கே நின்ற கல் வாயில் அது. 1878இல் கழற்றினார்கள், பிறகு நகரத்துக்கு வெளியே ஒரு பெருந்தோட்டத்தில் நிமிர்த்தினார்கள், 2004இல் மீண்டும் லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் பழைய எல்லையில் வைக்க வழியில்லை, சென் போல்ஸ் பேராலயத்தின் பக்கத்தில்தான் வைத்தார்கள். இன்று அது எல்லையைக் காட்டவில்லை. என்றாலும் அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை நின்று பார்க்கிறவர் தெரிந்துகொள்கிறார்.

என் கருத்து இதுதான்: கல்லுக்கு இரண்டு உறவுகள் இருந்தன. ஒன்று நிலத்தோடு, இன்னொன்று பாலத்தோடு. நிலத்தோடு இருந்தது போய்விட்டது, அதைத் திருப்பித் தர முடியாது. பாலத்தோடு இருந்ததை அங்குலம் பிசகாமல் திருப்பித் தர முடியும். வாயிலில் நட்டால் இரண்டும் இல்லாமல் அலங்காரக் கல்லாகிவிடும். அதனால் காதுள்ள தூணின் முன்னால், பழைய உயரத்தில், பழைய பக்கம் பார்க்க நடுவோம். நிலம் மாறியதைத் தகட்டில் எழுதிவிடுவோம். அப்படியே முடிவானது. அந்தத் தூண் இப்போது பூங்காப் பக்கம் இருப்பதால், பூங்காவிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துக் கல் நிற்கிறது.

நடும் வேலை. மேசன் பாஸ் சீமெந்துக் கொங்கிறீட்டில் இறக்கிவிடலாம் என்றார். கருங்கல் கடினமானது, சீமெந்தால் கல்லுக்குப் பெரிய கெடுதல் இல்லை என்பது உண்மை. ஆனால் என்றாவது பாலத்தை மறுபடி நகர்த்த வேண்டி வந்தால் சீமெந்திலிருந்து கல்லை உடையாமல் எடுக்க முடியாது. வாசல் படியிலிருந்து பெயர்த்தபோது பட்ட பாடே போதும். ஆகவே சுண்ணாம்புச் சாந்து. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் இரண்டரைப் பங்கு, செங்கல் தூள் அரைப் பங்கு. ஈரமான இடத்தில் வெறும் சுண்ணாம்பு இறுகாது, செங்கல் தூள் சேர்த்தால்தான் பிடிக்கும். கடல் மணல் கூடாது, உப்பு. பவளக்கல் சுட்ட சுண்ணாம்பும் வேண்டாம், பவளப்பாறை வெட்டுவது இங்கே தடை செய்யப்பட்டது. உள்நாட்டுச் சுண்ணாம்பே போதும். குழியின் அடியில் 6 அங்குலத்துக்குக் கருங்கற் சல்லி போட்டுத் திமிசு அடித்து, தண்ணீர் வடிய வழி விட்டோம். செயின் புளொக்கில் கல்லை இறக்கி, தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, நிலமட்டக் கோடு பாதையோடு பொருந்தியதும் சாந்தை இட்டு, ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். சுண்ணாம்பை அவசரமாகக் காயவிட்டால் தூளாகிவிடும்.

தூணையும் கல்லையும் முன்போல் முளை போட்டுப் பூட்டவில்லை. இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. மேல் துளையிலிருந்து தலைமயிர் அளவு வெடிப்பு ஒன்று கிளம்பியிருந்தது. உள்ளே இருக்கும் இரும்பு கறள் பிடித்து ஊதியதால் வந்தது அது. கறள் இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும், எந்தக் கல்லையும் பிளந்துவிடும். பழைய முளையையும் ஈயத்தையும் தோண்டாமல், மேலே சுண்ணாம்புச் சாந்தால் தண்ணீர் தங்காதபடி சரித்து மூடினோம். உடைந்த காதை ஒட்டித் தரலாம் என்று பஞ்சிகாவத்தை வெல்டிங் கடை நானாவே சொல்லவில்லை. இரும்பைப் பார்த்ததும், "இது நாரா உரியுற இரும்பு, வெப்பம் குடுத்தா பொளக்கும், விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டோம்.

தகட்டில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே செய்தி: இந்தக் கல் கால்வாய்க்கரையில் இந்தப் பாலத்தின் கிழக்கு முனையில் நின்றது, பாலம் இங்கே கொண்டுவரப்பட்ட பின் அதே மூலையில் நடப்பட்டது, இந்த இடம் எல்லை அல்ல. ஆண்டு போட வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1865க்குப் பிந்தியது என்பதற்கு மேல் கையில் ஆதாரம் இல்லாததால் போடவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. மே மாதம் தென்மேற்கு மழை தொடங்குமுன் சாந்தின் விளிம்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் குறித்திருக்கிறேன், அகலுகிறதா என்று கவனிக்க. பாலத்தின் அடிப்பக்கத்துக்குத் துத்தநாகப் பொஸ்பேற் பூச்சு இன்னும் ஒரு கை பாக்கி. அப்புறம் அந்த 7. ஒரு கல்லுக்கு 7 என்று இலக்கம் போட்டிருந்தால் 6ம் 8ம் எங்கோ இருக்க வேண்டும். தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கத்து வீடுகளில் படியாகவோ மதிலின் அடிக்கல்லாகவோ 12 அங்குல அகலக் கருங்கல் கண்டால், பெயின்டுக்குக் கீழே எழுத்து இருக்கிறதா என்று இருட்டிய பிறகு டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இருந்தால் பின்பக்கத்தைத் துடைக்காமல், கொத்திய பகுதியும் கொத்தாத பகுதியும் சந்திக்கும் கோட்டிலிருந்து மேல் விளிம்பு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எங்கள் வாசிகசாலையில் சொல்லுங்கள். 26 என்று வந்தால் அதே வரிசைக் கல்லாக இருக்கலாம்.